சட்டத்தின் கண்ணில் மனிதன் யார்?

கனடா நாட்டு உரிமைச் சட்டங்கள் வளர்ந்த வரலாறு

உரிமை என்னுஞ் சொல் இன்று எல்லோர் நாவிலும் எளிதில் வழங்குகின்றது. மேடையேறுவோர் அதனை முழங்குகின்றனர். ஆட்சி புரிவோர் அதனைத் தாமே மனமுவந்து அளித்ததாகப் பெருமை பேசுகின்றனர். ஆயின், அவ்வுரிமை எவ்வாறு சட்டமாயிற்று, யாருக்காக ஆயிற்று, யாரை வெளியே நிறுத்திவிட்டு ஆயிற்று என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தை அந்நாட்டார் தம்மைப்பற்றித் தாமே எழுதிக்கொண்ட புகழ்மாலையாகப் படித்தல் தவறு. தோட்டத்துச் செக்ரோலைப் படிப்பதுபோல் அதனைப் படித்தல் வேண்டும். பெயர் பதிந்தவனுக்கே அதில் சம்பளம் உண்டு; பெயரில்லாதவன் நாள் முழுதும் வெயிலில் நின்றிருந்தாலும் அவன் உழைப்பு கணக்கில் ஏறுவதில்லை. ஆதலின் எழுதப்பட்ட பெயர்களைப் பார்ப்பதோடு, எழுதாது விடப்பட்ட பெயர்களையும் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இக்கண்கொண்டு கனடா தேசத்தின் வரலாற்றை ஆராய்வோம். மனித உரிமைக்கு எடுத்துக்காட்டென்று இன்று உலகத்தார் சுட்டும் நாடுகளுள் அஃது ஒன்று. இலங்கையில் உயிர்வாழ வழியற்றுப்போன நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர்க்குப் புகலிடமாகிய நாடும் அதுவே. அத்தகைய நாடு நீதியோடு கூடவே பிறந்தது போலும் என்று பலர் எண்ணுவர். வரலாறோ வேறு கூறுகின்றது.

ஆற்றங்கரையில் எழுந்த குரல்

1793 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். நயாகரா ஆற்றங்கரையில் குளோயி கூலி என்னும் கறுப்பினப் பெண்ணை அவளுடைய எசமானன் கட்டிப் படகிலேற்றி, அக்கரையிலுள்ள அமெரிக்க நாட்டில் விற்பதற்குக் கொண்டுசென்றான். நம் காதுக்கு நன்கு பழகிய 'கூலி' என்னும் அச்சொல் இங்கே அவளது குடும்பப் பெயர். அவள் அடங்கிப் போகவில்லை, திமிறினாள், கூக்குரலிட்டாள். அக்குரலைக் கேட்டவர்கள் சென்று கவர்னர் சிம்கோவின் சபையில் சாட்சி சொன்னார்கள். ஆயினும் எசமானனைத் தண்டிக்க இயலவில்லை. அடிமை அவனுடைய சொத்து. சொத்தை விற்பவன் என்ன குற்றம் செய்தான்? சட்டம் அவ்வளவில் நின்றுவிட்டது.

அவ்வாண்டே மேல்கனடாவில் அடிமை முறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று பிறந்தது. புதிய அடிமைகளைக் கொண்டுவருதல் கூடாது. இனிப் பிறக்கும் அடிமைத்தாயின் பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் விடுதலை பெறுவர் என்று அது விதித்தது. ஏற்கெனவே அடிமைகளாய் இருந்தவர்களோ சாகும்வரை அடிமைகளே. சட்டசபையில் அமர்ந்திருந்தவர்களுள் அடிமைகளை உடையவர்களும் இருந்தனர் என்பதை நினைப்போமாயின், இவ்வரை நீதிக்குக் காரணம் விளங்கும். பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தின் பெரும் பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில்தான்.

குளோயி கூலி அதன்பின் என்னவானாள் என்பது வரலாற்றில் இல்லை. சட்டம் அவளால் பிறந்தது, அவளைச் சென்றடையவில்லை. இந்நாட்டு உரிமை வரலாற்றில் இது பன்முறை நிகழ்வதை நாம் காணப் போகின்றோம்.

சொந்த மண்ணில் ஆளல்லாதவர்

1867 இல் மாகாணங்கள் இணைந்து கனடா ஒரு தேசமாயிற்று. அதன் அரசியற் சட்டத்தில் அதிகாரங்கள் பங்கிடப்பட்டன. இன்னது மத்திய சர்க்காருக்கு, இன்னது மாகாணத்துக்கு என்று வரையறுக்கப்பட்டது. மனிதனுடைய உரிமைகள் இவை என்று பட்டியலிடும் அதிகாரம் எதுவும் அதில் இல்லை.

அந்நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த ஆதிக்குடிகளை வெள்ளையர் 'இந்தியர்' என்று தவறாக அழைத்தனர், அத்தவறே சட்டப்பெயராயிற்று. 1876 ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம், 'ஆள்' என்னும் சொல்லுக்கு இலக்கணம் கூறப்புகுந்து, இந்தியர் அல்லாத ஒருவர் என்று எழுதியது. அன்பர்களே, இதனைச் சற்று நின்று படிக்க வேண்டும். மண்ணின் மைந்தன் தன் மண்ணின் சட்டத்தில் ஓர் ஆளாக எண்ணப்படவில்லை!

அவ்விலக்கணத்திலிருந்து மற்றக் கொடுமைகள் யாவும் ஒழுங்காகவே பிறந்தன. அவர்களுடைய பொட்லாச்சு என்னும் கொடைவிழா 1880-களில் தடைசெய்யப்பட்டது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளிகளில் அடைத்தனர். தாய்மொழி பேசினால் அங்கே தண்டனை. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்பள்ளிகளுக்குள் சென்றனர். அவருள் பல்லாயிரவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. 1927 முதல் 1951 வரை, இழந்த நிலத்துக்காக வழக்காடுவதற்கென்று சர்க்காரின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதே குற்றமாயிருந்தது. நிலத்தைப் பறித்ததோடு அமையாது, நியாயத்தலத்துக்குச் செல்லும் வழியையும் அடைத்தனர் என்க.

கரையிறங்கக் கூடாத கப்பல்

கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை 1885 இல் முடிவுற்றது. மலைகளைக் குடைந்து அதன் மேற்குப் பகுதியை அமைத்தவர்களுள் சீனத் தொழிலாளர் ஏறக்குறைய பதினைந்தாயிரவர். வேலை முடிந்த அவ்வாண்டே நன்றிக்கடன் செலுத்தப்பட்டது. நாட்டுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவர் தலைக்கும் 50 டாலர் வரி! 1900 இல் அது 100 ஆயிற்று. 1903 இல் 500 ஆயிற்று. 1923 இல் ஏறக்குறைய சீனர் எவரும் வரவே கூடாதென்று கதவு சாத்தப்பட்டது. அக்கதவு 1947 வரை திறக்கவில்லை.

இந்தியர்களும் பிரிட்டிஷ் மன்னரின் பிரசைகளே. ஆதலால் அவர்களை வெளிப்படையாகத் தடுப்பது சங்கடமாயிற்று. அதற்கோர் உபாயம் கண்டனர். பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காது நேரே வருபவரே இறங்கலாம் என்று 1908 இல் விதி செய்தனர். இந்தியாவிலிருந்து நேரே செல்லும் கப்பல் வசதியும் இல்லாதிருக்குமாறு பார்த்துக்கொண்டனர். விதியில் இந்தியன் என்ற சொல் இல்லை. விதி முழுதும் இந்தியனுக்காகவே எழுதப்பட்டது.

இதனைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் குர்தித் சிங் என்னும் சீக்கியர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்தத் தொழில் நடத்திப் பொருளீட்டியவர். கோமகத்த மாரு என்னும் கப்பலை அவர் வாடகைக்கமர்த்தி, 376 பயணிகளோடு 1914 மே 23 இல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தார். அவருள் முன்னரே கனடாவில் குடியிருந்த இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர எவரையும் இறங்கவிடவில்லை. இரண்டு மாதம் கரை கண்ணெதிரே இருந்தது. உணவுக்கும் குடிநீருக்கும் அவர்கள் தவித்தனர். நீதிமன்றம் சர்க்கார் பக்கமே தீர்ப்புக் கூறிற்று. ஜூலை 23 இல் போர்க்கப்பல் ஒன்று காவல் நிற்க, கோமகத்த மாரு திருப்பியனுப்பப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜ் என்னுமிடத்தில் இறங்கியபோது போலீசார் சுட்டதில் சுமார் இருபதுபேர் மாண்டனர். கனடாவின் பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து இதற்காக மன்னிப்புக் கேட்டது 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில். நூற்றிரண்டு ஆண்டு கழித்து!

பெண் ஓர் 'ஆள்' தானா?

இந்தியர்சட்டம் மட்டுமா ஆளுக்கு இலக்கணம் கூறியது? நாட்டின் மேற்சபையாகிய செனட்டுக்குத் தகுதியுள்ள 'ஆட்கள்' நியமிக்கப்படலாம் என்று 1867 சட்டம் சொல்லியது. பெண்ணொருத்தி அச்சொல்லில் அடங்குவாளா என்ற ஐயத்தை ஆண்கள் கிளப்பினர். ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த எமிலி மர்பி முதலிய ஐந்து பெண்மணிகள் 1927 இல் இதற்கு விடை கேட்டு மனுச் செய்தனர். பெண் ஆளல்லள் என்று கனடாவின் சுப்ரீம் கோர்ட்டு 1928 இல் ஒருமுகமாய் விடை கூறிற்று. 1867 இல் சட்டம் எழுதியவர் மனத்தில் பெண் இல்லை. ஆதலால் இன்றும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஐவரும் சோர்ந்துவிடவில்லை. மலாயா வழக்குகளும் ஒருகாலத்தில் சென்று முடிவுற்ற இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அவர்கள் வழக்கைக் கொண்டுசென்றனர். 1929 அக்டோபர் 18 இல் சாங்கி பிரபு தீர்ப்பளித்தார். அரசியற் சட்டம் மண்ணில் ஊன்றிய உயிருள்ள மரம் போன்றது. தன் எல்லைக்குள் அது வளரவும் விரியவும் வேண்டும். பெண்ணும் ஓர் ஆளே என்பது அவர் கூறியதன் பொருள். கனடா நாட்டு நீதிபதிகள் இன்றுவரை நிழலுக்கு ஒதுங்கும் மரம் இதுவே. ஆயினும் அம்மரத்தின் நிழல் அன்று ஆதிக்குடிப் பெண்மீதும் சீனப் பெண்மீதும் விழவில்லை என்பதையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். அவர்களுக்கு வாக்குரிமைதானும் அன்று இல்லை.

ஒரு குவளை பீரும் ஒரு காசு வரியும்

1936 இல் மான்ட்ரியல் நகரில் பிரெட் கிறிஸ்டி என்னும் கறுப்பினத்தவர், தம் நண்பர்களோடு ஒரு மதுக்கடையில் அமர்ந்து, மேசைமேல் காசை வைத்து ஒரு குவளை பீர் கேட்டார். கறுப்பருக்குக் கொடுப்பதில்லை என்றனர். வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றம் 25 டாலர் நட்டஈடு வழங்கிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 1939 இல் சுப்ரீம் கோர்ட்டும் அம்மாற்றத்தையே உறுதிசெய்தது. வியாபாரி யாரோடு வியாபாரம் செய்வதென்பது அவன் சுதந்தரம் என்று கூறி, கிறிஸ்டி தோற்றார் என்று தீர்த்தது. தனிக் குவளை வைத்த கடைகளைப்பற்றித் தாத்தன் பாட்டியர் வாயால் கேட்டு வளர்ந்த நம் இனத்தார்க்கு இவ்வழக்கின் கசப்பை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. சுதந்தரம் என்னும் அழகிய சொல்லைக்கொண்டே ஒருவனை வாசலுக்கு வெளியே தள்ளலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1946 நவம்பரில் நோவா ஸ்கோஷியா மாகாணத்துத் திரைக்கொட்டகை ஒன்றில் வயலா டெஸ்மண்டு என்னும் கறுப்பின அம்மையார் கீழ்த்தளத்தில் அமர்ந்தார். கறுப்பர்க்குரியது மாடி. அதிகக் கட்டணம் தருகின்றேன் என்றும் ஏற்காது, அவரை இழுத்துச்சென்று ஓரிரவு சிறையில் அடைத்தனர். மறுநாள் சாட்டிய குற்றம் யாது? மாடிச் சீட்டுக்கும் கீழ்ச் சீட்டுக்கும் இடையிலுள்ள ஒரு காசுக் கேளிக்கை வரியைச் செலுத்தாது சர்க்காரை ஏமாற்றினாராம்! செலவுட்பட 26 டாலர் அபராதம். வழக்கு நடந்த அறையில் நிறம் என்ற சொல்லே எழவில்லை. அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2010 இல். அவர் மறைந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர். 2018 இல் அவர் முகம் பத்து டாலர் நோட்டில் ஏறியது.

போர்க்காலத்தில் நேர்ந்தது இன்னும் கொடிது. 1942 இல் ஜப்பானிய வமிசத்தினர் ஏறக்குறைய 22,000 பேரை மேற்குக் கரையிலிருந்து பெயர்த்துத் தொலைவிடங்களில் அடைத்தனர். அவர்களுடைய வீட்டையும் படகையும் நிலத்தையும் சர்க்காரே விற்றது. அவர்களுட் பெரும்பாலோர் கனடாவின் பிரசைகள். போர் முடிந்தும் 1949 ஏப்ரல் வரை அவர்கள் கரைக்குத் திரும்பத் தடையிருந்தது. 1988 இல் சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்க்கு ஆளுக்கு 21,000 டாலர் அளித்தது.

சட்டங்கள் பிறந்த முறை

இவ்வநீதிகளுக்கு எதிராகத் தொழிற்சங்கத்தார், கறுப்பினச் சங்கத்தார், யூதர் முதலியோர் ஒன்றுகூடிப் போராடியதன் பயனாகவே சட்டங்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. 1944 இல் ஒண்டாரியோ மாகாணம், இன்ன இனத்தார்க்கு இடமில்லை என்று பலகை வைப்பதைத் தடைசெய்தது. 1947 இல் சஸ்காச்சுவான் மாகாணம் டாமி டக்ளஸ் ஆட்சியில் உரிமைச் சாசனம் ஒன்றை நிறைவேற்றியது. அவ்வாண்டே சீனரும் இந்தியரும் நாட்டின் வாக்குரிமை பெற்றனர். 1948 டிசம்பர் 10 இல் ஐக்கிய நாட்டுச் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் நகலைத் தயாரித்தவர் ஜான் ஹம்பிரி என்னும் கனடியரே. ஆயினும் அதற்குச் சில நாள் முன்னர்க் குழுவில் வாக்கெடுத்தபோது கனடா சர்க்கார் வாக்களியாது ஒதுங்கி நின்றது என்பதையும் மறைத்தலாகாது.

பலகையை எடுத்துவிட்டால் மனம் மாறிவிடுமா? ஒண்டாரியோவில் டிரெஸ்டன் என்னும் சிற்றூரில் கறுப்பருக்கு உணவுக்கடைகள் சோறிட மறுத்தன. ஹியூ பர்னெட் என்னும் தச்சர் முதலியோர் இடைவிடாது போராடியதனால் 1954 இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைக்காரர் அசையவில்லை. வழக்குமேல் வழக்காக நடந்து 1956 இல்தான் கறுப்பருக்கு அங்கே உணவு பரிமாறப்பட்டது. சட்டம் இருப்பது வேறு, அது நடப்பது வேறு என்பதை அரசினர் இதனால் கற்றனர். ஏழை ஒருவன் தன் செலவில் வக்கீல் வைத்துப் பணக்காரனோடு வழக்காடவேண்டுமாயின், அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. ஆகவே 1962 இல் ஒண்டாரியோ எல்லாச் சட்டங்களையும் ஒருங்கே தொகுத்து, ஓர் ஆணையத்தின் பொறுப்பில் வைத்தது. குறையுடையோன் செலவின்றி முறையிடலாம். அதிகாரி சென்று விசாரிப்பார். முதலில் சமரசம் பேசுவார். இணங்காவிடின் விசாரணைக் குழு முடிவு செய்யும். முறையிட்டவன் தனியாளாய் நிற்கும் நிலை மாறியது. மற்ற மாகாணங்களும் அவ்வழியே சென்றன. 1977 இல் மத்திய சர்க்காரும் கனடா மனித உரிமைச் சட்டத்தை இயற்றியது. என் எண்ணத்தில், பெருஞ்சாசனங்களைக் காட்டிலும் சாமானியனுக்கு மிகுதியாய்ப் பயன்பட்டது இவ்வாணைய முறையே.

1960 இல் பிரதம மந்திரி டீபன்பேக்கர் நாடு முழுமைக்கும் உரிமைச் சாசனம் ஒன்று கொணர்ந்தார். அவ்வாண்டே ஆதிக்குடிகள் தம் தனி நிலையை இழவாமலே வாக்களிக்கும் உரிமை பெற்றனர். ஆனால் அச்சாசனம் மத்திய சர்க்காரின் சட்டங்களை மட்டுமே கட்டியது. நீதிபதிகளும் அதனை அஞ்சி அஞ்சியே கையாண்டனர். ஆதிக்குடிப் பெண் வேற்றாரை மணந்தால் தன் குடியுரிமையை இழப்பாள். ஆண் மணந்தால் இழக்கமாட்டான் என்பது இந்தியர் சட்டம். ஜெனட் லாவெல் என்னும் பெண்மணி இதனை எதிர்த்தார். 1973 இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட்டு அவர் வழக்கைத் தள்ளியது. அத்தகைய பெண்கள் எல்லோரையும் சட்டம் ஒரேபடியாகத்தானே நடத்துகிறது, இதில் சமத்துவம் எங்கே கெட்டது என்றனர்! எல்லோரையும் ஒரே கோலால் அடித்தால் அது சமத்துவம் ஆகுமா? சாண்டிரா லவ்லேஸ் என்னும் மற்றொரு பெண்மணி இதனை ஐக்கிய நாட்டு மனித உரிமைக் குழுவுக்கே கொண்டுசென்று 1981 இல் வென்றார். உலகத்தின் முன் கனடா நாணி நின்றது.

1982 ஏப்ரல் 17 இல் இன்றைய உரிமைச் சாசனம் அரசியற் சட்டத்தின் பகுதியாயிற்று. பழைய தோல்விகளின் வடு அதன் பதினைந்தாம் பிரிவில் தெரிகின்றது. சட்டத்தின் முன் சமம் என்று கூறியதோடு நில்லாது, சட்டத்தின் உள்ளும், அதன் பாதுகாப்பிலும், அதன் பயனிலும் சமம் என்று நான்கு பூட்டுப் போட்டெழுதினர். லாவெல் வழக்கில் கண்ட பொந்தை அடைக்கவே இவ்வளவும். அப்பிரிவு நடைமுறைக்கு வந்த 1985 ஏப்ரல் 17 ஆம் நாளிலிருந்தே இந்தியர் சட்டத்தின் அவ்விதியும் திருத்தப்பட்டது.

நம்மவர் சென்ற கப்பல்கள்

அதே ஏப்ரல் 4 ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு மற்றொரு பெருந்தீர்ப்பை அளித்தது. ஹர்பஜன் சிங் முதலிய அகதிகள், தம் வாய்மொழியைக் கேளாமலே தம்மைத் திருப்பியனுப்ப முயல்வது முறையா என்று கேட்டிருந்தனர். வழக்கைத் தீர்த்த அறுவரும் அகதிகள் பக்கமே நின்றனர். மூவர் புதிய சாசனத்தைக் காட்டினர். சாசனத்தில் 'ஒவ்வொருவரும்' என்றிருப்பது, கனடா மண்ணில் நிற்கும் ஒவ்வொரு மனிதரையும் குறிக்கும் என்றனர். மற்ற மூவர், வலுவிழந்ததென்று எண்ணப்பட்ட 1960 சாசனத்தையே காட்டினர். இந்தியர் சட்டத்தில் 'ஆள்' என்ற சொல் சுருங்கிய இடத்திலிருந்து, 'ஒவ்வொருவர்' என்ற சொல் விரிந்த இவ்விடத்திற்கு வருவதற்கு நூற்றொன்பது ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த ஈழத் தமிழர் நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோரைச் செம்படவர்கள் கரைசேர்த்தனர். திருப்பியனுப்புங்கள் என்று கூவியவர் அந்நாட்டிலும் இருந்தனர். ஆனால் அவர்கள் தங்கவும் உழைக்கவும் அனுமதிக்கப்பட்டனர். 2010 ஆகஸ்டிலோ சன் சீ என்னும் கப்பலில் 492 தமிழர் மேற்குக் கரையை அடைந்தனர். 1914 இல் கோமகத்த மாரு சென்ற அதே கரை. இம்முறை அவர்கள் திரும்பக் கடலுக்குள் தள்ளப்படவில்லை. வழக்குரைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. எனினும் பலர் மாதக்கணக்கில் காவலில் கிடந்தனர். 2012 இல் இவ்வாறு கூட்டமாய் வருவோரைக் காவலில் வைக்கப் புதுச்சட்டமும் எழுந்தது. மரம் வளர்வதும் உண்டு. வெட்டுக் கத்தி அதன் அருகே இருப்பதும் உண்டு.

அச்சாசனத்திற்குள்ளேயே முப்பத்துமூன்றாம் பிரிவு என்றொரு கதவுண்டு. சில உரிமைகளைப் பொருட்படுத்தாது சட்டம் செய்ய, ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்ளும் அதிகாரத்தை அது சட்டசபைகளுக்கு அளிக்கின்றது. 2019 இல் கியூபெக் மாகாணம், ஆசிரியர் முதலிய சில அரசூழியர் வேலைநேரத்தில் மதச்சின்னம் அணியலாகாதென்ற சட்டத்துக்கு அக்கதவைப் பயன்படுத்தியது. ஆதிக்குடிக் குழந்தைகளின் நலத்திற்குச் சர்க்கார் குறைவாகப் பொருள் ஒதுக்கியது பாகுபாடே என்று மனித உரிமை நீதிக்குழு தீர்ப்பளித்தது 2016 இல். வரலாறு முடிந்துவிடவில்லை என்பதற்கு இவை போதும்.

நாம் கொள்ள வேண்டுவது

இவ்வரலாற்றில் ஆட்சியாளர் தாமாக விழித்தெழுந்து வழங்கிய உரிமை ஒன்றையும் யான் காணேன். படகில் கூவிய ஒரு பெண், கப்பல் பிடித்த ஒரு வியாபாரி, பீர் கேட்ட ஒருவர், நாற்காலியை விட்டு எழாத ஓர் அம்மையார், மணவினையால் குடியிழந்த ஒரு தாய் ஆகியோர் கேட்டதனாலேயே சட்டம் அசைந்தது. அவருள் பலர் தோற்றனர். தோற்ற வழக்கே பின்வந்தவர்க்குப் படியாயிற்று. கடவுள் விதித்தது, தலையில் எழுதியது என்று அவர்கள் வாளாவிருந்திருப்பின் 1876 ஆம் ஆண்டின் இலக்கணமே இன்றும் நின்றிருக்கும்.

மற்றொன்றும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் உரிமை பெற்றவர்கள், தமக்குப்பின் வாசலில் நின்றவர்களை மறந்தனர். நம் பாட்டன்மார் ரப்பர்க்காட்டில் பெயரும் எண்ணுமாய் எழுதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று அதே தோட்டங்களில், செம்பனை மரத்தடியில், வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் நிற்கின்றனர். அவர்களை நம்மவருள் சிலர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் கணக்கெழுதும் என் போன்றார் நாள்தோறும் கேட்கின்றோம். உரிமைக்காக மேடையில் பேசும் அன்பர்களே, நம் வாயில் வழங்கும் 'மனிதன்' என்ற சொல்லில் அவர்களும் அடங்குவரா? இதற்கு விடை கூறிய பின்னரே நம் உரிமையை நாம் பிறரிடம் கேட்பது அழகாகும்.